செவிலியர் கல்வி: பெற்றோர் அறிய வேண்டுவன

நம் ஊராட்சிகளில் துணை சுகாதார நிலையத்தை அறியாதார் இலர். சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று என்னும் கணக்கில் அமைவது அது. அங்குப் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கண்டு, தம் மகளும் அவ்வாறு ஆதல் வேண்டும் என்று விரும்பும் உழவர் பலர். விருப்பம் நன்று, ஆயின் வழியறியாது அடியெடுத்து வைப்போர் பொருளையும் காலத்தையும் இழக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் உழவர் ஒருவர் தம் மகளுடன் என் அலுவலகத்திற்கு வந்தார். கறவை மாடுகள் இரண்டை விற்று, ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் அவளை ஓராண்டு படிக்க வைத்திருந்தார். அழகாக அச்சிட்ட சான்றிதழைக் காட்டி, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க உதவுமாறு கேட்டார். அந்நிலையமோ அங்கீகாரம் பெற்றதன்று. அச்சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்பதை அவரிடம் நானே சொல்ல நேர்ந்தது.

செவிலியர் ஆவதற்கு முறையான வழிகள் மூன்று. மூன்றுக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 17 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, துணைச் செவிலியர் பயிற்சி. இது பெண்களுக்கு மட்டும் உரியது. காலம் இரண்டு ஆண்டுகள். கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு வழி இதுவே.

இரண்டாவது, செவிலியர் பட்டயப் படிப்பு, மூன்று ஆண்டுகள். தேசிய விதிப்படி 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அறிவியல் பாடம் பயின்றிருத்தல் விரும்பத்தக்கது.

மூன்றாவது, பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பு, நான்கு ஆண்டுகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைப் படித்திருத்தல் கட்டாயம். பொதுப் பிரிவினர் குறைந்தது 45 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். பட்டயம் பெற்றோரும் பின்னர் இரண்டு ஆண்டுகள் பயின்று பட்டம் பெறலாம். பட்டப் படிப்பில் ஆண்களும் சேரலாம்.

இதனின்று பெற்றோர் உணர வேண்டுவது ஒன்றுண்டு. பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாளிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. உயிரியலை விட்டு, கணிதத்துடன் கணினி அறிவியலை எடுத்த மாணவி பின்னர் எத்துணை மதிப்பெண் பெறினும் பட்டப் படிப்பில் சேர இயலாது.

அடுத்தது அங்கீகாரம். நம் மாநிலத்தில் செவிலியர் பதிவு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொடங்கியது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அதனை நடத்தி வந்துள்ளது. 2023-இல் நாடாளுமன்றம் இத்துறைக்குப் புதிய சட்டம் இயற்றியது. அதன்படியும் பதிவு பெற்றவரே செவிலியர். ஆதலின் கட்டணம் செலுத்துமுன், அந்நிறுவனம் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று குழுமத்திடம் கேட்டறிக. பட்டப் படிப்பாயின், அக்கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததா என்பதையும் பார்க்க. ‘ஆறு மாதத்தில் நர்சு ஆகலாம்’ என்னும் விளம்பரத்தை நம்பற்க.

படிப்பு முடிந்து பதிவும் பெற்றோர், 2012-இல் அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வருதல் வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தெரிவு செய்வது அவ்வாரியமே.

ஊராட்சி உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். மே முதல் நாள் கிராம சபை கூடும் காலம், பள்ளித் தேர்வு முடிவுகளை எதிர்நோக்கும் காலமுமாகும். அக்கூட்டத்தில் இச்செய்திகளைப் படித்துக் காட்டுக. அவ்வூர்ச் செவிலியரையே அழைத்துப் பேசச் செய்வது இன்னும் நன்று.

முன்னர்க் கூறிய பெண், வயது வரம்பைக் கடவாமையால், மறு ஆண்டு அங்கீகாரம் பெற்ற பள்ளி ஒன்றில் பட்டயப் படிப்பிற் சேர்ந்தாள். இழந்த ஓராண்டும் விற்ற மாடுகளும் மீளவில்லை. அந்த இழப்பு மற்றொரு குடும்பத்திற்கு நேராமற் காப்பது நம் கடமையாகும்.