படகு எந்திரத்தைக் காக்கும் ரப்பர் சக்கரம்

மாணவர்களே, கெடாவில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு ஊர்கள் எதிரெதிரே இருக்கின்றன. வடகரையில் தஞ்சோங் டாவாய். தென்கரையில் பந்தாய் மெர்டேக்கா. சாலை வழியே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக ஆற்றைச் சுற்றி வெகுதூரம் செல்ல வேண்டும். படகில் ஏறினால் சிறிது நேரத்தில் அக்கரை சேரலாம். சுங்கை பட்டாணி, பீடோங் பக்கமிருந்து விடுமுறை நாளில் அந்தக் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

அடுத்த முறை அங்கே போனால், படகின் பின்புறம் மாட்டியிருக்கும் எந்திரத்தைக் கவனியுங்கள். அதன் ஓரத்திலிருந்து விரல் பருமனுக்கும் குறைவான ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். எந்திரத்தின் உள்ளே தண்ணீர் ஓடுகிறது, எந்திரம் குளிர்ச்சி பெறுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தத் தாரை நின்றால் எந்திரமும் விரைவில் நின்றுவிடும். அந்தத் தண்ணீரை மேலே தள்ளுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். அதன் பெயர் இம்பெல்லர். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது, அதை எப்படிப் பராமரிப்பது என்பதே இந்த வாரப் பாடம்.

எந்திரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கார் எந்திரத்தின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் இருக்கிறது. ஒரே தண்ணீர் அதில் திரும்பத் திரும்பச் சுற்றும். படகில் மாட்டும் வெளிப்புற எந்திரத்துக்கு ரேடியேட்டர் இல்லை. அது மிதக்கும் ஆறே அதற்கு ரேடியேட்டர். கீழே உறிஞ்சிய தண்ணீர் எந்திரத்தைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஆற்றிலேயே விழுகிறது.

எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று கணக்கிடுவோம். 40 குதிரைத்திறன் எந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே, 40 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 30 கிலோவாட். பெட்ரோலை எரிப்பதில் கிடைக்கும் ஆற்றலை மூன்று பங்காகப் பிரித்தால், தோராயமாக ஒரு பங்குதான் படகைத் தள்ளும். ஒரு பங்கு புகையோடு வெளியேறும். மீதமுள்ள ஒரு பங்கு எந்திரத்தைச் சூடாக்கும். அதாவது, முழு வேகத்தில் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 30,000 ஜூல் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும்.

இப்போது 4ஆம் படிவ இயற்பியலுக்கு வாருங்கள். மலாய்ப் பாடநூலில் 'முவாத்தான் ஹபா தெந்து' என்று நீங்கள் படிப்பதைத் தமிழில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்போம். ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் அது. நல்ல தண்ணீருக்கு அது ஏறத்தாழ 4,200 ஜூல். கடல்நீருக்குச் சற்றுக் குறைவு, சுமார் 4,000 ஜூல்.

தண்ணீர் 30 பாகையில் உள்ளே நுழைந்து 60 பாகையில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோகிராம் தண்ணீரும் 4,000 × 30 = 1,20,000 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 30,000ஐ 1,20,000ஆல் வகுத்தால் 0.25. ஆக, வினாடிக்குக் கால் கிலோகிராம், நிமிடத்துக்கு 15 கிலோகிராம் தண்ணீர் தேவை. பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் 150 கிலோகிராம்! அத்தனையையும் அந்தச் சிறு ரப்பர் சக்கரமே தள்ளுகிறது.

தண்ணீர் நின்றால் என்ன ஆகும்?

அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். எந்திரத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. சூடாகும் பகுதி 20 கிலோகிராம் என்று கொள்வோம். அலுமினியத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 900 ஜூல். ஆகவே, அதை 1 பாகை சூடாக்க 18,000 ஜூல் போதும். ஆனால், வினாடிக்கு 30,000 ஜூல் வந்துகொண்டிருக்கிறதே! வெப்பம் வேறெங்கும் போகாவிட்டால் வினாடிக்கு 1.7 பாகை வீதம், ஒரே நிமிடத்தில் 100 பாகை கூடிவிடும். உண்மையில் கொஞ்சம் வெப்பம் காற்றில் கலக்கும் என்பதால் வேகம் சற்றுக் குறையலாம். ஆயினும், படகோட்டிக்குக் கிடைப்பது மிகக் குறுகிய அவகாசமே.

சூடு ஏறினால் பிஸ்டன் விரிவடையும். அதற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் கெடும். உலோகத்தோடு உலோகம் உரசி, இறுதியில் எந்திரம் இறுகி நின்றுவிடும். கடல் வற்றும் நேரமாக இருந்தால், நீரோட்டம் படகை ஆற்று முகத்திலிருந்து மலாக்கா நீரிணையை நோக்கி இழுத்துச் செல்லும். படகில் குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்கள். சிறிய பாகம் என்று இம்பெல்லரை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பம்பு வேலை செய்யும் விதம்

1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் வெளிப்புறப் படகு எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். நார்வேயில் பிறந்தவர் அவர். அன்று முதல் எந்திரம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால், மேலே எந்திரம், கீழே தண்ணீருக்குள் காற்றாடி, இரண்டையும் இணைக்கும் செங்குத்துத் தண்டு என்ற அடிப்படை அமைப்பு மாறவில்லை. இன்றைய எந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தண்டிலேயே, காற்றாடிக்குச் சற்று மேலே, இம்பெல்லர் கோக்கப்பட்டிருக்கும். ஒரு சிறிய உலோகச் சாவி அதைத் தண்டோடு பிணைத்து, கூடவே சுழல வைக்கிறது.

இம்பெல்லரின் நடுவில் ஒரு குடம். அதைச் சுற்றிப் பூவிதழ்கள்போல ஐந்தாறு ரப்பர் இதழ்கள். அது சுழலும் வட்டக் கூட்டின் மையமும் தண்டின் மையமும் ஒன்றல்ல. தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் ஒரு பக்கம் இடம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். குறுகிய பக்கத்தில் இதழ்கள் மடங்கும். அகன்ற பக்கத்தில் நிமிரும்.

இதழ் நிமிரும்போது இரண்டு இதழ்களுக்கு இடையிலான இடம் பெரிதாகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. வெளியே காற்றழுத்தத்துக்கு உட்பட்டிருக்கும் ஆற்று நீர் உள்ளே புகுகிறது. இதழ் மறுபடி மடங்கும்போது இடம் சுருங்கித் தண்ணீரை மேலே நெருக்கித் தள்ளுகிறது. வேகம் மிகும்போது இதழ்கள் சுவரிலிருந்து சற்று விலகி, மையவிலக்குப் பம்பு போலவும் வேலை செய்யும்.

முழு வேகத்தில் தண்டு நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் இதழும் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 3,00,000 முறை! 100 மணி நேரத்தில் 3 கோடி முறை. இதை வேறு எந்தப் பொருள் தாங்கும்? ரப்பர்தான்.

நம் தோட்டத்துப் பாலும் இந்தச் சக்கரமும்

உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்களாக இருக்கலாம். அவர்கள் வாளியில் சேகரித்த பாலில் இருந்தது பாலிஐசோப்ரீன் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலங்களாக அமைவதால், இழுத்தாலும் வளைத்தாலும் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இதையே வல்கனைசேஷன் என்று வேதியியலில் படிக்கிறீர்கள்.

இயற்கை ரப்பருக்கு ஓர் எதிரி உண்டு. எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் அது ஊதிப் பருத்து வலுவிழக்கும். 1930இல் அமெரிக்காவின் டூபோண்ட் நிறுவன ஆய்வகத்தில் உருவான நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர், எண்ணெயையும் வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கியது. படகு இம்பெல்லர்கள் பலவும் நியோப்ரீனால் செய்யப்படுபவை.

இம்பெல்லரைக் கெடுப்பவை

முதலாவது, வறண்ட ஓட்டம். இதழ்களுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே மசகாக இருப்பது தண்ணீரே. கரையில் வைத்து, "சும்மா ஒருமுறை முடுக்கிப் பார்ப்போம்" என்று தண்ணீரில்லாமல் ஓட்டினால், உராய்வு வெப்பத்தில் சில வினாடிகளிலேயே இதழ் நுனிகள் கருகத் தொடங்கும்.

இரண்டாவது, சேறும் மணலும். மெர்போக் போன்ற கண்டல் காட்டு ஆற்று முகத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கும். நுண்மணல் உப்புத்தாள்போல இதழையும் கூட்டையும் தேய்க்கும்.

மூன்றாவது, உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. எந்திரத்தின் உள்ளே மிஞ்சிய நீர் காய்ந்தால் உப்புப் படிகங்கள் நீர்ப்பாதையை அடைக்கும்.

நான்காவது, ஓய்வு! வியப்பாக இருக்கிறதா? மாதக் கணக்கில் ஓடாத எந்திரத்தில் அதே இதழ்கள் அதே இடத்தில் மடங்கிக் கிடக்கும். நாளடைவில் ரப்பர் அந்த வளைவிலேயே நிலைத்துவிடும். அதன்பின் முழுதாக நிமிராது. தண்ணீரையும் சரியாக இழுக்காது.

பராமரிக்கும் முறை

ஒவ்வொரு பயணத்திலும்: முடுக்கியவுடன் நீர்த்தாரையைப் பார்க்க வேண்டும். தாரை மெலிந்தால் முதலில் அதன் துளையில் சேறோ பூச்சிக் கூடோ அடைத்திருக்கிறதா என்று எந்திரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய தூண்டில் நரம்பால் குத்திப் பார்க்கலாம். கீழே நீர் நுழையும் சல்லடையைப் பிளாஸ்டிக் பை மூடியிருப்பதும் உண்டு.

பயணம் முடிந்ததும்: எந்திரத்துக்கு உரிய முறையில் குழாய் நீரைச் செலுத்தி உப்பையும் சேற்றையும் கழுவ வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை: பம்பைத் திறந்து சோதிப்பது பொதுவான வழக்கம். கலங்கல் நீரில் ஓடும் படகுக்கு இன்னும் அடிக்கடி தேவை. எந்திரத்தின் கையேடு சொல்லும் காலமே முதன்மையானது.

திறக்கும் வேலையைப் பழகிய மெக்கானிக் செய்ய, நீங்கள் அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வேலையின் ஒழுங்கு இதுதான். முதலில், எந்திரம் தற்செயலாக முடுக்கப்படாதபடி ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்ற வேண்டும். பிறகு கியர் இணைப்பை விடுவித்து, திருகாணிகளைக் கழற்றிக் கீழ்ப்பகுதியை இறக்க வேண்டும். பம்பு மூடியைத் திறந்து, இதழ்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்ட பின்னரே இம்பெல்லரை வெளியே எடுக்க வேண்டும்.

சோதிக்க வேண்டியவை: இதழின் அடியில் விரிசல், நுனியில் தேய்வு அல்லது பளபளப்பு, விறைப்பு, நிமிராத வளைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிது மாற்ற வேண்டும். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். அது நீர்ப்பாதையில் சிக்கினால் புதிய இம்பெல்லர் போட்டும் பயனில்லை. கூட்டின் உட்சுவரிலும் அடித்தகட்டிலும் ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இல்லையேல், அந்தக் கோடுகள் வழியே தண்ணீர் பின்வாங்கும்.

புதியதைப் பொருத்தும்போது சோப்பு நீர் தடவி, தண்டை அது ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டு உள்ளே நுழைக்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் இதழ்கள் தவறான பக்கம் மடங்கும். சாவி தன் இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, புதிய கேஸ்கட் வைத்து மூட வேண்டும். கடைசியாக, தண்ணீர் நிரம்பிய பீப்பாயில் எந்திரத்தை ஓடவிட்டுத் தாரையைப் பார்த்த பிறகே படகைக் கடலுக்கு அனுப்ப வேண்டும்.

நடு ஆற்றில் தாரை நின்றுவிட்டால்? எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கிறார்களா என்று உறுதிசெய்யுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டக் கூடாது. எந்திரத்தை நிறுத்தி, நங்கூரம் போட்டு, சல்லடையைச் சோதிக்க வேண்டும். சரியாகாவிட்டால் 999 எண்ணை அழைத்து உதவி கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று ரப்பர் வளையங்களை எடுங்கள். மூன்றின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். ஒன்றைச் சும்மா நிழலில் வையுங்கள். மற்ற இரண்டையும் ஒரே அளவுக்கு இழுத்து, இரண்டு அட்டைகளில் மாட்டுங்கள். ஓர் அட்டையை நிழலிலும் மற்றதை வெயிலிலும் இரண்டு வாரம் வைத்திருங்கள். பிறகு கழற்றி மறுபடி அளந்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். எது பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை? எதில் விரிசல் தெரிகிறது? ஓடாமல் நிற்கும் எந்திரத்தின் இம்பெல்லருக்கு நேர்வதை இதன் மூலம் நீங்களே விளக்கலாம்.

சிந்திக்க

1. 60 குதிரைத்திறன் எந்திரம் ஒன்றுக்கு, மேலே சொன்ன அதே வெப்பநிலைகளில், நிமிடத்துக்கு எவ்வளவு கடல்நீர் தேவை?

2. புதிதாக மாற்றிய இம்பெல்லர் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால், நீர்த்தாரை மெலிவாகவே வருகிறது. எந்தெந்த இடங்களைச் சோதிப்பீர்கள்? வரிசைப்படுத்தி எழுதுங்கள்.

3. காரின் ரேடியேட்டரில் ஏன் கடல்நீரை ஊற்றுவதில்லை?

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படகுத் துறைக்குப் போனால், படகோட்டி அண்ணனிடம் இம்பெல்லரை எப்போது மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள். பழைய இம்பெல்லர் ஒன்று கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதன் இதழ்களைப் பார்த்தே அது எப்படித் தேய்ந்தது என்று உங்களால் இப்போது சொல்ல முடியும்.