கூடைக் கணக்கும் மீன் கணக்கும்

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பாவின் ஆசி. உன் தாத்தா சொல்தாவாகப் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த நாளில் வீட்டுக்கு எழுதிய தமிழ்க் கடிதங்களை ஸ்கேன் செய்து, அந்தக் கையெழுத்தைக் கணினிக்குக் கற்பிக்கும் பொருட்டு ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே வெட்டி, 50,000 சிறு படங்களாகச் சேர்த்து முடித்துவிட்டாய் என்று அறிந்து மனம் பூரித்தேன். ஆனால், மடிக்கணினியில் ஏறத்தாழ 150 எம்பி அளவே இருந்த அந்தத் தொகுப்பு, புதிதாக வாங்கிய 1 டிபி வெளி ஹார்டு டிஸ்கில் 6 ஜிபிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டதாகவும், வைரஸ் புகுந்ததோ என்று அஞ்சி அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்க உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அழித்துவிடாதே, அம்மா. உன் கோப்புகள் பெருகவும் இல்லை, பழுதாகவும் இல்லை. அவை இருக்கும் கூடைதான் மாறியிருக்கிறது.

விடியற்காலையில் நம் குப்பத்துக் கரையில் நீ பார்த்திருப்பாய். ஒருவர் கூடை நிறைய நெத்திலி வைத்திருப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு அன்று ஒரு கைப்பிடிதான் கிடைத்திருக்கும். ஆயினும் அவருடைய மீன் அவருடைய கூடையில்தான் இருக்குமே அன்றி, இன்னொருவர் கூடையில் கலவாது. வண்டியில் ஏற்றும்போது, நிறைந்த கூடையும் கைப்பிடி மீன் கிடக்கும் கூடையும் ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கும். மீனின் எடை வேறு, கூடை அடைக்கும் இடம் வேறு.

ஹார்டு டிஸ்கும் இவ்வாறே சம அளவுள்ள கூடைகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. கணினித் துறையில் அக்கூடையைக் கிளஸ்டர் என்பர். பெரிய கோப்பு எத்தனை கூடைகளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கூடையை இரு கோப்புகள் பகிர்ந்துகொள்ள இயலாது. உன் மடிக்கணினி என்டிஎஃப்எஸ் என்னும் முறையில் அமைந்தது. அதில் வழக்கமான கூடை 4 கேபி. 3 கேபி படம் ஒன்றை அதில் இட்டால் வீணாவது 1 கேபிதான். வெளி டிஸ்கோ எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்தது. விண்டோஸ் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை அம்முறையில் ஃபார்மட் செய்யும்போது, நாம் வேறு சொல்லாவிட்டால், கூடையை 128 கேபியாக வைத்துவிடுகிறது. அதே 3 கேபி படத்துக்கு இங்கே 125 கேபி வெற்றிடம் துணை நிற்கிறது. 50,000 படங்களை 128 கேபியால் பெருக்கிப் பார். 64,00,000 கேபி, அதாவது 6 ஜிபிக்குச் சற்று மேல். உன்னைத் திகைக்க வைத்த தொகை இதுவே.

என் வார்த்தையை அப்படியே நம்பிவிடாமல் நீயே சோதித்துப் பார். கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், சைஸ் என்றும் சைஸ் ஆன் டிஸ்க் என்றும் இரண்டு தொகைகள் தென்படும். முன்னது மீன் கணக்கு, பின்னது கூடைக் கணக்கு. இரு டிஸ்குகளிலும் முன்னது ஒன்றாகவும், பின்னது மட்டும் வேறாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் கூடைதான். செக்டிஸ்க் கட்டளை கொடுத்தால் ஒரு கூடையின் அளவு 1,31,072 பைட் என்று அதுவே எழுதிக் காட்டும். 128 கேபி என்பது அதுதான்.

இதே தோற்றத்தைத் தரும் வேறு காரணங்களும் உண்டு. என்டிஎஃப்எஸ்ஸில் சுருக்கி வைத்த கோப்பு, எக்ஸ்ஃபேட்டுக்குப் போகும்போது சுருக்கம் நீங்கி முழு உருவம் கொள்ளும். ஒரே கோப்புக்குப் பல பெயர்களாக இருக்கும் ஹார்டு லிங்க்குகள், பிரதி எடுக்கும்போது பெயருக்கு ஒன்றாகப் பெருகிவிடலாம். நீ அழித்தவை ரீசைக்கிள் பின்னில் மறைந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கவும் கூடும். சைஸ் என்னும் முதல் தொகையே வேறுபட்டால் மட்டும், கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பிரதி எடுத்த முறையை ஆராய்.

இனி உபாயம். நம் வீட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால், செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும், டூமா வீதியில் உள்ள பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியிலும் காக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தகைய சுவடிகளில் நம் முன்னோர் சிறு நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளாமல், பல நூல்களை ஒரே கயிற்றில் கோத்து, இரு பலகைகளுக்கிடையே ஒரே கட்டாகக் கட்டி வைப்பதுண்டு. நீயும் அவ்வாறே செய். 50,000 படங்களையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டு. கூடைகள் அடுத்தடுத்து நிறைந்து, கடைசிக் கூடையில் மட்டுமே வெற்றிடம் எஞ்சும். படங்களைத் தனித்தனியாகவே வைத்துப் புழங்க வேண்டுமாயின், டிஸ்கை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்துகொள். ஃபார்மட் செய்தால் அதில் உள்ளவை யாவும் அழியும் ஆதலால், அதற்குமுன் மூலம் மடிக்கணினியில் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இடம் போதவில்லை என்ற பதற்றத்தில், பிரதியைத் திறந்து பாராமலே மூலத்தை அழித்தேன். உன் பாட்டியின் குரல் பதிந்திருந்த ஒரே ஒலிப்பதிவு அதோடு போயிற்று. ஆகையால் ஜிப்பைக் கட்டியதும் வேறோர் இடத்தில் விரித்து, எண்ணிக்கை 50,000 இருக்கிறதா என்று பார். நாலைந்து படங்களைத் திறந்தும் பார். தாத்தாவின் ழகரம், அவர் சுழித்த சுழிப்போடு உன் கண்ணெதிரே நிற்கிறதா என்று கண்ட பின்னரே, வெளி டிஸ்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சிதறிய பிரதியை நீக்கு.

அன்புடன்,
பெரியப்பா