காற்று இல்லாவிட்டால்?

நம்மைச் சுற்றிலும் காற்று இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அது இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். நாளைக் காலையில் பூமியில் காற்றே இல்லை. என்ன நடக்கும்?

மூச்சு நின்றுவிடும் என்று உடனே சொல்வீர்கள். சரிதான். ஆனால் காற்று செய்யும் வேலை அது ஒன்றுதானா? மற்றவற்றையும் பார்ப்போம்.

ஓசை

பள்ளிக்கூட மணியை அடித்தால் மணி ஆடும். ஓசை கேட்காது. ஓசையை நம் காதுக்குக் கொண்டு வருவது காற்றுதான்.

வானம்

பகலிலும் வானம் கறுப்பாக இருக்கும். சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. அவற்றில் நீல நிறத்தைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கிறது. அதனால்தான் வானம் நீலமாகத் தெரிகிறது.

நீர்

லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று குறைவு. நீரை அழுத்தும் காற்றின் அழுத்தமும் குறைவு. அதனால் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். காற்றே இல்லாவிட்டால்? அடுப்பு மூட்டாமலே குளத்து நீர் கொதித்து ஆவியாகும்.

நிலா சொல்லும் பாடம்

காற்று இல்லாத இடம் ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது. அதுதான் நிலா. பூமியும் நிலாவும் சூரியனிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ளன. ஆனால் நிலாவின் நடுப்பகுதியில் பகலில் வெப்பம் 120 டிகிரியை எட்டும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 130 டிகிரி வரை குளிரும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று இந்தியாவின் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. பாராசூட் அங்கே பயன்படாது. அதைத் தாங்கக் காற்று வேண்டுமே! எஞ்சினை இயக்கித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். கருவிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் வேலை செய்தன. பிறகு நிலாவில் இரவு வந்தது. அந்த இரவு நம் கணக்கில் 14 நாள். கருவிகளை உறங்க வைத்தார்கள். மீண்டும் சூரியன் உதித்ததும் அவற்றோடு தொடர்புகொள்ள முயன்றார்கள். பதில் வரவில்லை.

நம் போர்வை

பூமி அப்படிக் குளிர்ந்துபோகாமல் காப்பது காற்று. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. பூமியின் சராசரி வெப்பம் சுமார் 15 டிகிரி. இந்தப் போர்வை இல்லாவிட்டால் அது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும்.

இந்தப் போர்வை மிக மெல்லியது. பூமியை ஒரு அடி அகலமுள்ள பூசணிக்காயாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் முக்கால் பங்கு அதன்மேல் ஒரு தபால் கார்டு கனத்துக்குள் அடங்கிவிடும்.

போர்வை அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். 1750-ஆம் ஆண்டு வாக்கில் 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இப்போது 420 பங்குக்கு மேல் இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிப்பதே முக்கியக் காரணம். அதனால் பூமி சூடாகி வருகிறது. மழையும் வெயிலும் முறை தவறினால் முதலில் அடிபடுவது விவசாயியும் வெயிலில் உழைப்பவரும்தான்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நிலாவில் பட்டம் விட முடியுமா? ஏன்?
2. லே நகரில் பருப்பை விரைவாக வேகவைக்கக் குக்கர் எப்படி உதவும்?
3. உங்கள் ஊரில் காற்றைக் கெடுப்பவை எவை? அவற்றில் எதை நீங்கள் கூடிப் பேசித் தடுக்க முடியும்?