பல்லுள்ள கத்தியா, பல்லில்லாத கத்தியா?

சாரணர் முகாமுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மூன்றாம் படிவ மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், மடக்குக் கத்தி வாங்கக் காசு சேத்து வச்சிருக்கேன். பல்லு வச்சது வாங்கவா, சாதாக் கத்தி வாங்கவா? பல்லு வச்சதுதான் நல்லா வெட்டும்னு கடைக்காரர் சொல்றாரு."

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருப்பீர்கள். அதை இங்கே போட்டுப் பார்ப்போம். கத்தி முனையின் தடிப்பு 0.01 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லில்லாத கத்தி, ஒரு பொருளை 20 மில்லிமீட்டர் நீளத்திற்குத் தொடுகிறது. தொடும் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர். 20 நியூட்டன் விசையோடு அழுத்தினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். பல்லுள்ள கத்தியிலோ முதலில் தொடுவது பல் நுனிகள் மட்டுமே. மூன்று நுனிகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் என்றால் பரப்பு வெறும் 0.015 சதுர மில்லிமீட்டர். அதே கை, அதே விசை. அழுத்தமோ ஏறத்தாழ 1,333 நியூட்டன். பதின்மூன்று மடங்கு! (எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுக் கத்திக்கு வேறு எண்கள் வரும்.)

ரொட்டியை நினைத்துப் பாருங்கள். மேலோடு கெட்டி, உள்ளே பஞ்சு. சாதாக் கத்தியை வைத்து அழுத்தினால் ஓடு வெட்டுப்படும் முன்பே ரொட்டி நசுங்கிவிடும். பல் நுனி ஓட்டைத் துளைத்துவிடுகிறது. பிறகு முன்னும் பின்னும் இழுத்தால் போதும். நைலான் கயிறும் அப்படித்தான். வழவழப்பான முனை கயிற்றின் மேல் வழுக்கும். பற்களோ இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்து அறுக்கும். நம் முன்னோர் கதிர் அறுத்த கருக்கரிவாளுக்குப் பல் வைத்ததும் இதற்காகத்தான். வழுக்கும் தாளைப் பல் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பலகையில் மோதுவது பல் நுனிகள்தான். பற்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் இருக்கும் கூர்மை அடிபடாமல் தப்பிக்கிறது. அதனால்தான் பல ஆண்டுகள் சாணை பிடிக்காத ரொட்டிக் கத்தியும் ஓரளவு வெட்டுகிறது.

இனி கடைக்காரர் சொல்லாமல் விட்ட பாதி. என்னிடம் பாதி பல், பாதி சாதா என்று ஒரு மடக்குக் கத்தி இருந்தது. ஒரு முகாமில் கூடாரக் கயிற்றை நொடியில் அறுத்துக் காட்டிப் பெருமைப்பட்டேன். அடுத்து, கூடார முளைக்காக ஒரு குச்சியைச் சீவ உட்கார்ந்தேன். பற்கள் மரத்தில் சிக்கின. சீவிய இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம். கோபத்தில் அழுத்தியபோது கத்தி திடீரென விடுபட்டு, கட்டைவிரலை நூலிழையில் தவறவிட்டது.

மரம் சீவும்போது கத்தியை இழுத்து அறுப்பதில்லை, தள்ளுகிறோம். தள்ளும் வேலைக்குச் சீரான, நேரான முனைதான் வேண்டும். அதோடு, பல பல்லுள்ள கத்திகளில் பற்களை ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியிருப்பார்கள். அதனால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக விலகும். ஆப்பிள் தோலை மெல்லியதாகச் சீவிப் பாருங்கள், புரியும்.

சாணை பிடிப்பது பெரிய தலைவலி. சாதாக் கத்தியைத் தட்டையான சாணைக்கல்லில் ஒரே கோணத்தில் தேய்த்தால் வேலை முடிந்தது. பல்லுள்ளதற்குக் கூம்பு வடிவக் கோல் வேண்டும். ஒவ்வொரு பள்ளமாக, சரிவுள்ள பக்கத்தில் மட்டும் தேய்த்து, மறுபக்கம் தோன்றும் பிசிறை எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாது.

பாதிப் பாதி கத்தி இரண்டு நன்மையும் தருமே என்பீர்கள். 7 சென்டிமீட்டர் அலகில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 3.5 சென்டிமீட்டர்தான். பெரும்பாலும் பற்களைக் கைப்பிடிக்கு அருகில் வைக்கிறார்கள். மரம் சீவக் கைக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும் இடமும் அதுதான்! ஆனாலும் 2008-இல் சுவிட்சர்லாந்து இராணுவம் தேர்ந்தெடுத்த புதிய மடக்குக் கத்தியின் அலகில் ஒரு பகுதிக்குப் பல் உண்டு. கயிறும் வாரும் அடிக்கடி அறுப்பவர்களுக்கு அது பொருந்தும்.

முகாமில் குச்சி சீவவும் பழம் நறுக்கவும்தான் அதிக வேலை என்பதால், அந்த மாணவருக்குச் சாதாக் கத்தியையே சொன்னேன். முகாம் பொறுப்பாசிரியரின் அனுமதி கேட்கவும் சொன்னேன். பள்ளிப் பையில் மட்டும் அது இருக்கவே கூடாது.

நீங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சமையலறை மின்தராசின் மேல் வெட்டுப்பலகையையும் முழு ரொட்டியையும் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். முதலில் சாதாக் கத்தியால், பிறகு ரொட்டிக் கத்தியால் பாதி ஆழம் வரை மட்டும் வெட்டுங்கள். வெட்டும்போது தராசு காட்டும் மிக அதிக அளவை இன்னொருவர் குறிக்கட்டும். 100 கிராம் என்பது ஏறக்குறைய 1 நியூட்டன். பிறகு ரொட்டிக்குப் பதிலாகக் கேரட்டை வைத்து மறுபடி செய்யுங்கள். இம்முறை எந்தக் கத்திக்குக் குறைந்த விசை போதும் என்பதை, வெட்டும் முன்பே ஊகித்து எழுதி வையுங்கள்.