அரசர் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ்ப் பெயர்

பாராடாங் தீவின் நிலம்பூர்ப் படகுத்துறையில் படகேறி, அலையாத்திக் காட்டின் ஊடே செல்லும் கழியைக் கடந்து, பின்னர்ச் சிறிது தொலைவு நடந்தால் சுண்ணாம்புக் குகையை அடையலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனைக் காண வெளியூர்களிலிருந்து வரும் பயணிகளையும் பார்த்திருப்பீர்கள். வியப்புக்குரிய ஓர் இடத்தைக் காண்பதற்காக நெடுந்தொலைவு செல்லும் வழக்கம் இன்று தோன்றியதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழன் ஒருவன் எகிப்து நாட்டில் இவ்வாறு சுற்றிப் பார்த்திருக்கிறான். அவன் பெயர் சிகை கொற்றன்.

எகிப்து என்றவுடன் பிரமிடுகளே நம் நினைவுக்கு வரும். கெய்ரோ நகருக்கு அருகில் கீசாவில் உள்ள கூபு மன்னனின் பிரமிடு சுமார் 4500 ஆண்டுப் பழமை உடையது. கட்டி முடித்தபோது அதன் உயரம் ஏறத்தாழ 146 மீட்டர். கொற்றன் வாழ்ந்த காலத்திலேயே அது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மைச் சின்னம்! பிற்கால மன்னர்கள் பிரமிடு கட்டுவதைக் கைவிட்டு, தெற்கே நைல் ஆற்றின் மேற்குக் கரையில் மலையைக் குடைந்து தம் கல்லறைகளை அமைத்தனர். அவ்விடம் ‘அரசர் பள்ளத்தாக்கு’ எனப்படுகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட குடைவுகள் அங்கே உள்ளன. அவற்றுட் பலவற்றின் சுவர்கள் முழுவதும் வண்ண ஓவியங்கள்.

உரோமர் ஆட்சிக் காலத்தில் அக்கல்லறைகளுட் சில திறந்து கிடந்தன. கிரேக்கரும் உரோமரும் திரளாக வந்து பார்த்தனர். வந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. ‘இன்னார் வந்து கண்டு வியந்தேன்’ என்ற பாங்கில் சுவரில் கீறி வைத்தனர். அத்தகைய கிரேக்க, இலத்தீன் கீறல்கள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சூல் பாயே என்னும் பிரெஞ்சு அறிஞர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொகுத்து வெளியிட்டார். அவற்றிடையே வேறு எழுத்துகளும் இருந்தன. அண்மையில் இங்கோ இசுத்ராவுக், சார்லத் சுமித் ஆகிய இரு அறிஞர்கள் அக்கல்லறைகளை ஆராய்ந்து, இந்திய எழுத்தில் அமைந்த கீறல்கள் பலவற்றைப் படித்தனர். அவற்றுட் பல தமிழி என்னும் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளவை. சிகை கொற்றன் என்ற பெயர் ஒரு கல்லறையில் மட்டுமன்றிப் பல கல்லறைகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. ஒன்றைக் கண்டதோடு அமையாமல் அடுத்தடுத்து நுழைந்து பார்த்திருக்கிறான் போலும்!

அவன் தமிழன் என்று எவ்வாறு துணிவது? எழுத்தே சான்று. ழ, ள, ற, ன ஆகிய நான்கு எழுத்துகள் வடநாட்டுப் பிராமியில் இல்லை, தமிழுக்கென அமைக்கப்பட்டவை. கொற்றன் என்னும் பெயரிலேயே அவற்றுள் இரண்டு உள்ளன. ‘அன்’ என்று முடிவதும் தமிழ் ஆண்பால் விகுதி. கொற்றம் என்பது வெற்றி. புறநானூற்றில் பாடப்பெற்ற பிட்டங்கொற்றன் என்னும் தலைவனின் பெயரையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘றகரமா ரகரமா’ என்று எழுதும்போது நாம் தடுமாறுகிறோம் அல்லவா? அந்த றகரமே ஒருவன் எந்த மொழியினன் என்பதை இன்று நமக்குச் சொல்கிறது.

தமிழர் அங்குச் சென்ற காரணம் வணிகம். செங்கடற் கரையில் பெரெனிகே என்னும் பழந்துறைமுகத்தில், இந்தியத் தாழி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அக்கடற்கரையிலேயே குசைர் அல்காதிம் என்னுமிடத்தில் கிடைத்த பானை ஓட்டில் ‘பானை ஒறி’ எனத் தமிழில் எழுதப்பட்டுள்ளது. ஒறி என்பது உறியாகலாம். வாடைக்காற்றின் துணையால் நம் நாட்டிலிருந்து சென்ற மரக்கலங்கள் குளிர்காலத்தை ஒட்டி எகிப்தை அடையும். திரும்புவதற்குரிய பயணமோ சூலை மாதத்தில்தான் தொடங்கும். இடையில் சில திங்கள் காத்திருக்க வேண்டும். சரக்குகள் ஒட்டகங்களின் மேல் பாலைவனத்தைக் கடந்து நைல் கரையிலிருந்த கொப்தோசு நகரைச் சேர்ந்தன. அங்கிருந்து அரசர் பள்ளத்தாக்கு வெகுதொலைவன்று. ஓய்வாக இருந்த வணிகன் ஊர் பார்க்கப் புறப்பட்டிருக்கலாம். இது நம் ஊகமே, ஆயினும் பொருந்துகிறது.

இங்கு ஒரு கேள்வி எழும். கொற்றன் கீறிய பெயரைப் பொன்போல் போற்றுகிறோம்; நாம் குகைச் சுவரில் பெயரைக் கீறினால் மட்டும் குற்றமா? குற்றமே. கொற்றனும் ஒரு பழஞ்சுவரைக் காயப்படுத்தியவன்தான். அவன் தமிழன் என்பதற்காக அதனை மறைக்க வேண்டியதில்லை. அவனைப்போல் வேறு சான்று விட்டுச்செல்ல வழியற்றவர்களும் அல்லர் நாம். நம் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு எகிப்தின் உலுக்சோர் கோவிலில் வெளிநாட்டுச் சிறுவன் ஒருவன் தன் பெயரைக் கீறியபோது, உலகமே கண்டித்தது. பெற்றோர் பொதுவில் மன்னிப்புக் கேட்டனர். நம் நாட்டிலும் பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. சுண்ணாம்புக் குகையின் நிலையோ இன்னும் மென்மையானது. சொட்டுச் சொட்டாக வடியும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்பே அங்குத் தொங்கும் வடிவங்களாக வளர்கிறது. விரல் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும், அவ்விடம் கறுத்துவிடும், வளர்ச்சியும் தடைபடும்.

சொற்பொருள்: கழி – கடல்நீர் புகும் ஓடை, தாழி – வாயகன்ற பெரிய பானை, உறி – பானையைத் தொங்கவிடும் கயிற்றமைப்பு, வாடை – வடக்கிலிருந்து வீசும் காற்று.

பயிற்சி

1. சிகை கொற்றன் தமிழன் என்பதற்கு இப்பாடம் தரும் சான்றுகள் யாவை?
2. தமிழ் வணிகர்கள் எகிப்தில் சில திங்கள் தங்க நேர்ந்தது ஏன்?
3. ‘கொற்றனும் ஒரு பழஞ்சுவரைக் காயப்படுத்தியவன்தான்’ – இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் பெயரையும் பெற்றோர், தாத்தா, பாட்டி ஆகியோரின் பெயர்களையும் அவர்களுடைய சொந்த ஊரின் பெயரையும் தமிழில் எழுதுக. அவற்றில் ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் வரும் இடங்களில் அடிக்கோடிடுக.