ஆஸ்மன் வேகம் நமக்கு எதற்கு?

கேள்வி: நைலான் தந்தி பாஞ்சோவில் பழைய கிளாசிக் பாணி உருப்படிகளைப் பழகி வருகிறேன். பழைய காலத்துப் பாஞ்சோ கலைஞர் வெஸ் ஆஸ்மனின் ஒலித்தட்டுகளைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதே வேகத்தில்தான் வாசிக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அந்தக் காலத்து மெழுகு உருளையில் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான் பிடிக்கும். உருப்படி அதற்குள் முடிந்தாக வேண்டும். தட்டு சுழலும் வேகமும் ஒரே சீராக இருந்ததில்லை. நிமிடத்துக்கு 72 சுற்றில் பதிந்ததை 78 சுற்றில் சுழலவிட்டால் வேகத்தோடு சுருதியும் அரை ஸ்வரத்துக்கு மேல் ஏறிவிடும்.

தட்டைவிட உருப்படியின் தலைப்பை நம்புங்கள். மார்ச் என்றால் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டிய நடை. ஷாட்டிஷ் என்ற நடன உருப்படி என்றால் நன்றாக நிதானம். ராக்டைமா? ஸ்காட் ஜாப்ளின் தன் இசைப் பிரதிகளிலேயே வேகமாக வாசிக்காதீர்கள் என்று அச்சிட்டார். அவருடைய 'மேப்பிள் லீஃப் ராக்'கை 1907-இல் ஆஸ்மன் பதிவு செய்த வேகம் வேறு கதை!

உருப்படியிலேயே கஷ்டமான இடத்தை முதலில் தேடுங்கள். பெரும்பாலும் மும்மூன்றாக ஸ்வரங்கள் ஓடும் இடமோ, இடக்கை சட்டென்று மேலே தாவும் இடமோதான். அங்கே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிற வேகத்தை மெட்ரோனோமில் வைத்து, முதல் அடியிலிருந்தே அதில் வாசியுங்கள். தொடக்கம் சுலபமாயிற்றே என்று ஓடினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்காக ரொம்பவும் இழுக்காதீர்கள். நைலான் தந்தியின் நாதம் சட்டென்று அடங்கிவிடும். பாஞ்சோ இசையமைப்பாளர் ஜோ மார்லியின் வால்ட்ஸ்கூட ஓட்டை ஓட்டையாகக் கேட்கும்.