திருநகரிலிருந்து ஒருநாள் யாத்திரை

திருநகர்வாசிகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப எண்ணினால், மாட்டுத்தாவணி வரை சென்று பஸ் பிடிப்பது வீண் பிரயாசையே. வீட்டருகே ஓடும் சாலையில் தெற்கு நோக்கித் திருமங்கலம் சென்று, அங்கே டி. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் மார்க்கமாகச் செல்லும் ராஜபாளையம் பஸ்ஸுக்கு மாறிக்கொள்வதே உத்தமம். திருமங்கலம் வரையில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால், 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை.

புறப்படும் நேரத்தை நிர்ணயிப்பது பஸ் அல்ல, கோயில் நடை. நண்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும் என்பதால், ஆறு மணிக்கே கிளம்பி, 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தை இளவெயிலில் அண்ணாந்து பார்த்து, வடபத்ரசாயி சந்நிதியையும் ஆண்டாள் சந்நிதியையும், இடையிலுள்ள நந்தவனத்தையும் பதற்றமின்றித் தரிசித்துவிட வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஜனசமுத்திரம். தேர் காணும் ஆவல் இல்லாதவர்கள் வேறு தினத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

கண்டக்டருக்காகச் சில்லறையைத் தனியே முடிந்துகொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைத் திரும்பும் வேளையில் வாங்குவதே நலம். சுடச்சுட டப்பாவில் அடைத்து மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும், ஆறவிட்டுத் தரும்படி கேளுங்கள்.

செங்கோட்டை ரயில் மார்க்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் உண்டு; ஆனால் ரயில்கள் சொற்பம். ஆகையால் திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் விசாரித்தறிந்த பிறகே போகும் டிக்கெட்டை எடுங்கள்.